யூரோப்பியம் 2+ எத்தனை, 3+ எத்தனை? சல்ஃபைடிலும் பெரோவ்ஸ்கைட்டிலும் கணக்கு எடுப்பது

யூரோப்பியம் என்ற அருமண் தனிமம் சேர்மங்களில் இரண்டு அல்லது மூன்று எலெக்ட்ரானை இழந்து 2+, 3+ அயனிகளாக இருக்கும். ஒரே யூரோப்பியம் மாதிரியை எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிரால் எலெக்ட்ரான்களை வெளியேற்றி அளப்பது), மாஸ்பவர் (அணுக்கரு காமாக் கதிரை உட்கவர்வதை அளப்பது), காந்த அளவீடு என்று மூன்று இடத்துக்கு அனுப்பிப் பாருங்கள். 2+, 3+ விகிதம் மூன்று விதமாகத் திரும்பி வரும். மூன்றுமே அதனதன் அளவில் சரியாகவும் இருக்கலாம். எக்ஸ்பிஎஸ் மேற்பரப்பில் சில நானோமீட்டரோடு நின்றுவிடுகிறது. மாஸ்பவர் மாதிரி முழுவதையும் பார்க்கிறது, ஆனால் மெதுவாகப் பார்க்கிறது. காந்த அளவீட்டில் 2+ போடும் சத்தத்தில் 3+ காதில் விழுவதே இல்லை. ஆகவே, "சராசரி இணைதிறன் 2.67" என்று யாராவது சொன்னால், எந்த முறையில், எந்த வெப்பநிலையில், மாதிரி எவ்வளவு நேரம் காற்றில் கிடந்த பிறகு என்று கேட்டுவிட்டுத்தான் அந்த எண்ணை நோட்டில் ஏற்ற வேண்டும்.

இதை இரண்டு பொருள்களை வைத்துப் பார்ப்போம். ஒன்று, மூன்று யூரோப்பியத்துக்கு நான்கு கந்தகம் உள்ள கலப்பு இணைதிறன் சல்ஃபைடு. இனி அதை 3:4 சல்ஃபைடு என்றே எழுதுகிறேன். மற்றது யூரோப்பியம் டைட்டனேட்; பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்பு கொண்டது. கடைசியில் சூரிய மின்கலத்து அயோடைடு பெரோவ்ஸ்கைட்டையும் தொட்டுப் போகலாம்.

முதலில் அயனிகள். 2+ நிலையில் 4எஃப் கூட்டில் 7 எலெக்ட்ரான். கூடு சரிபாதி நிரம்பியிருக்கிறது. மற்ற அருமண் தனிமங்கள் பெரும்பாலும் 3+ நிலையை விட்டு நகராதபோது யூரோப்பியம் 2+ ஆகச் சுலபமாக இறங்கி வருவதற்கு இதுதான் காரணம். நீரில் 3+/2+ மின்னழுத்தம் சுமார் −0.35 வோல்ட். சுழல் 7/2, பயனுறு காந்தத் திருப்புத்திறன் 7.94 போர் மேக்னட்டான். 3+ நிலையில் 4எஃப் எலெக்ட்ரான் 6. அடிநிலையின் மொத்தக் கோண உந்தம் சுழி. அடுத்த மட்டங்கள் அருகிலேயே இருப்பதால் அறை வெப்பநிலையில் சுமார் 3.4 போர் மேக்னட்டான் காட்டும். குளிர்வித்தால் அதுவும் வற்றி, காந்த ஏற்புத்திறன் ஒரு மோலுக்கு 0.006 இஎம்யு (காந்த அளவீட்டு அலகு) அருகே மட்டமாகிவிடும்.

ஆரத்தைப் பாருங்கள். ஆறு அண்டை அணுக்கள் உள்ள இடத்தில் 2+ அயனிக்கு 1.17 ஆங்ஸ்ட்ராம், 3+ அயனிக்கு 0.947. ஸ்ட்ரான்ஷியம் 2+ அயனிக்கு 1.18. அதனால் யூரோப்பியம் 2+ வேதியியல் கிட்டத்தட்ட ஸ்ட்ரான்ஷிய வேதியியல்தான். ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட், யூரோப்பியம் டைட்டனேட் இரண்டுக்கும் அலகுக்கூட்டு நீளம் 3.905 ஆங்ஸ்ட்ராம்; மூன்று தசம இடம் வரை ஒன்று. புதிதாக ஒரு யூரோப்பியம் 2+ சேர்மம் செய்ய நினைப்பவர் அந்த அமைப்பு ஸ்ட்ரான்ஷியத்துக்கு இருக்கிறதா என்று முதலில் தேடுவது நல்லது. இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி சல்ஃபைடு. 3:4 சல்ஃபைடுக்குப் போக முதலில் 1:1 சல்ஃபைடு வேண்டும். வழக்கமான வழி, யூரோப்பியம் ஆக்சைடை ஹைட்ரஜன் சல்ஃபைடு ஓட்டத்தில் 1100–1150 °செ வரை சூடாக்குவது. ஒரு ஆக்சைடும் மூன்று ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்து இரண்டு 1:1 சல்ஃபைடு, மூன்று நீர், ஒரு கந்தகம். 5 கிராம் ஆக்சைடு போட்டால் 5.23 கிராம் வர வேண்டும். எடை குறைவாக வந்தால் ஆக்சைடு மாறாமல் மிச்சம் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஆக்ஸிசல்ஃபைடு மிச்சத்தை எடை காட்டாது; இரண்டு ஆக்சிஜனும் ஒரு கந்தகமும் கிட்டத்தட்ட ஒரே எடை. பொடித்து இன்னொரு சுற்று விட வேண்டும். கார்பன் போட் (படகு வடிவக் கிண்ணம்) வைத்தால் ஆக்சிஜனை இழுக்க அதுவும் கொஞ்சம் உதவும். அலுமினா போட் பரவாயில்லை. குவார்ட்ஸ் மேல் பொடி நேராகப் படக்கூடாது. அந்த வெப்பத்தில் அது சிலிக்காவைத் தின்னும்.

வெளியேறும் வாயுவை முதலில் ஒரு காலிக் குடுவை வழியாக விடுங்கள், பின்னோட்டம் வந்தால் காரம் ஃபர்னஸுக்குள் ஏறாமல் இருக்க. அடுத்தது சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல். அதற்கும் அடுத்து காப்பர் சல்ஃபேட் கரைசல்: காரம் தீர்ந்துபோனால் இது கருத்துக் காட்டிக்கொடுக்கும். மூக்கை நம்ப வேண்டாம். செறிவு கூடும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் கொல்வது மோப்பத்தைத்தான். வேலை முடிந்த காரக் கரைசலை அமிலக் கழிவோடு சேர்த்து ஊற்றினால் பிடித்த வாயு அத்தனையும் ஒரே மூச்சில் திரும்பி வரும். அந்தப் பாட்டிலுக்குத் தனிச் சீட்டு ஒட்டிவிடுங்கள்.

குளிர்விக்கும்போதும் ஹைட்ரஜன் சல்ஃபைடை ஓடவிட்டால் 1:1 சல்ஃபைடு கூடுதல் கந்தகத்தை ஏற்றிக்கொண்டு ஓரளவு 3:4 ஆக மாறிவிடும். 1:1 தூய்மையாக வேண்டும் என்றால் உச்ச வெப்பநிலையிலேயே ஆர்கானுக்கு மாற்றிவிடுங்கள், அல்லது பிறகு வெற்றிடத்தில் 1000 °செ அருகே வைத்துக் கந்தகத்தை விரட்டுங்கள்.

அதிலிருந்து 3:4 செய்வது ஆம்பியூல் (சீல் செய்த குவார்ட்ஸ் குழாய்) வேலை. மூன்று 1:1 சல்ஃபைடுக்கு ஒரு கந்தகம். 1 கிராம் விளைபொருளுக்கு 0.9451 கிராம் 1:1 சல்ஃபைடும் 0.0549 கிராம் கந்தகமும். கந்தகம் இவ்வளவு குறைவாக இருப்பதால் எடை போடும்போது 1 மில்லிகிராம் சிந்தினாலே கிட்டத்தட்ட 2 சதவீதப் பிழை. 1 கிராமுக்குக் கீழே செய்ய வேண்டாம் என்பது என் யோசனை. 2 அல்லது 3 கிராமாகச் செய்தால் பிழை அடங்கும். கிளவ் பாக்ஸுக்குள் (காற்றுப் புகாத பெட்டி) அகேட் உரலில் கலந்து, சிறு அலுமினா குடுவையில் வைத்து, குவார்ட்ஸ் ஆம்பியூலுக்குள் இறக்கி வெற்றிடத்தில் சீல் செய்ய வேண்டும். சீல் வைக்கும்போது ஆம்பியூலின் அடிப்பாகத்தை ஈரத்துணி சுற்றியோ நீரில் நிறுத்தியோ குளிர்ச்சியாக வைத்திருங்கள். இல்லாவிட்டால் கந்தகம் ஆவியாகிப் பம்பை நோக்கிப் போய்விடும். மறுநாள் நீங்கள் எடுப்பது கந்தகம் குறைந்த கலவை.

சூடாக்கும் வேகம் முக்கியம். நிமிடத்துக்கு 1 பாகைக்கு மேல் வேண்டாம். 350–400 °செ-ல் ஒரு நாள் நிறுத்துங்கள். கந்தகம் பெரும்பகுதி அங்கேயே உள்ளே போய்விட வேண்டும். பிறகு 600 °செ, இரண்டு மூன்று நாள். 1 கிராம் அளவை 10 மில்லிலிட்டர் ஆம்பியூலில் வைத்தால், ஒன்றும் வினைபுரியாமல் எல்லாக் கந்தகமும் ஈரணு ஆவியாக மாறினாலும் 600 °செ-ல் அழுத்தம் 6 வளிமண்டலம் அளவில்தான் இருக்கும். நல்ல குவார்ட்ஸ் தாங்கும். 3 கிராமுக்குப் போகும்போது ஆம்பியூலையும் அதே கணக்கில் பெரிதாக்குங்கள். ஆம்பியூலின் ஒரு முனை ஃபர்னஸின் குளிர்ந்த வாய்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் கந்தகம் அங்கே போய் மஞ்சள் துளியாக உட்கார்ந்துவிடும். முழு ஆம்பியூலும் சமவெப்பப் பகுதிக்குள் இருக்கட்டும்.

வந்ததைச் சோதிப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 1:1 சல்ஃபைடும் கறுப்பு, 3:4 சல்ஃபைடும் கறுப்பு. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவு) 3:4-ன் அலகுக்கூடு 8.53 ஆங்ஸ்ட்ராம் கனசதுரம். 1:1-க்குச் சாப்பாட்டு உப்பின் படிக அமைப்பு, 5.97 ஆங்ஸ்ட்ராம். காப்பர் கதிரில் 1:1-ன் பெரிய சிகரம் 29.9 பாகையில் வரும். 3:4-ன் 220 சிகரம் 29.6 பாகையில். குறைந்த அளவு மிச்சம் அந்தத் தோளில் ஒளிந்துகொள்ளும். போதாததற்கு, காப்பர் கதிர் யூரோப்பியத்தின் எல் கூட்டைக் கிளறி ஒளிரவைப்பதால் பின்னணி உயர்ந்து சிறு சிகரங்களை மூழ்கடிக்கும். ஆற்றல் பிரித்தறியும் டிடெக்டரோ மோனோகுரோமேட்டரோ இல்லாத கருவியில் 3 சதவீத மாசைத் தேடுவது வீண். அதைவிடச் சிறந்த சோதனை காந்தத்தில் இருக்கிறது. 1:1 சல்ஃபைடு 16.5 கெல்வினில் ஃபெர்ரோகாந்தமாகும். 3:4 சல்ஃபைடு 4 கெல்வினுக்குச் சற்றுக் கீழேதான். 100 எர்ஸ்டெட் போன்ற சிறு புலத்தில் குளிர்வித்து அளந்தால், 16.5 கெல்வினில் ஒரு சிறு மேடு எழும்பினாலே மாசு தெரிந்துவிடும். 69 கெல்வினில் எழும்பினால் அது யூரோப்பியம் மோனாக்சைடு. எக்ஸ்ஆர்டி கண்ணில் படாததையெல்லாம் இது காட்டிக்கொடுக்கும். டிஜிஏ-வை (சூடாக்கிக்கொண்டே எடை மாற்றத்தை அளப்பது) சல்ஃபைடுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றில் சூடாக்கினால் ஆக்ஸிசல்ஃபேட் உருவாகி எடை தாறுமாறாக ஏறும். அதை வைத்து இணைதிறன் கணக்குப் போடுவது கைரேகை பார்ப்பதற்குச் சமம்.

3:4 சல்ஃபைடில் ஒரு 2+ அயனிக்கு இரண்டு 3+ அயனி. எல்லா யூரோப்பியமும் ஒரே வகைப் படிக இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எட்டுக் கந்தக அண்டைகள். இந்த அணு 2+, அந்த அணு 3+ என்று படிகம் முன்கூட்டியே பிரித்து வைக்கவில்லை. எனவே கூடுதலாக இருக்கும் அந்த ஒரு எலெக்ட்ரான் அணு விட்டு அணு தாவுகிறது. தாவத் தேவையான ஆற்றல் சுமார் 0.2 எலெக்ட்ரான் வோல்ட்.

யூரோப்பியம்-151-ன் மாஸ்பவர் அளவீட்டில், 21.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமாவுக்கு, 2+ கோடு −12, −13 மிமீ/வினாடி அருகிலும் 3+ கோடு சுழியை ஒட்டியும் விழும். திரவ நைட்ரஜன் வெப்பநிலையில் 3:4 சல்ஃபைடு இரண்டு கோடுகளையும் பளிச்சென்று காட்டும். சூடாக்கிக்கொண்டே போனால் கோடுகள் அகன்று, ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து, அறை வெப்பநிலைப் பக்கம் ஒரே கோடாகிவிடும். இடம், எடையிட்ட சராசரியான −4 மிமீ/வினாடிக்குப் பக்கம். 1960-களின் இறுதியிலேயே இது அளக்கப்பட்டுவிட்டது.

எண்ணால் பார்த்தால் இதில் மாயம் எதுவும் இல்லை. இரண்டு கோடுகளுக்கும் உள்ள 12.5 மிமீ/வினாடி இடைவெளியை ஆற்றலாக்கினால் 9 × 10⁻⁷ எலெக்ட்ரான் வோல்ட்; அதிர்வெண்ணாக்கினால் சுமார் 2 × 10⁸ ஹெர்ட்ஸ். தாவும் வேகம் இதைவிடக் குறைவாக இருந்தால் இரண்டு கோடு. அதிகமானால் ஒரு கோடு. முன்காரணி (தாவ முயலும் வீதம்) வினாடிக்கு 10¹³ என்று வைத்து 0.2 எலெக்ட்ரான் வோல்ட்டைப் போட்டால் 200 கெல்வினில் தாவல் வினாடிக்கு 9 × 10⁷, 300 கெல்வினில் 4 × 10⁹. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோடுகள் கலக்கின்றன. சுழலும் மின்விசிறியைப் படமெடுப்பது போலத்தான்: ஷட்டர் வேகமாக இருந்தால் இறக்கைகள் தனித்தனியாக, மெதுவாக இருந்தால் ஒரே வட்டமாக. எக்ஸ்-கதிர் உட்கவர்தலும் எக்ஸ்பிஎஸ்ஸும் 10⁻¹⁵ வினாடிக்கும் குறைந்த ஷட்டர். அவற்றுக்கு எந்த வெப்பநிலையிலும் இரண்டு சிகரம்தான். ஆக, அறை வெப்பநிலை மாஸ்பவரில் ஒரே கோட்டைப் பார்த்து "எல்லா அயனியும் 2.67+" என்று எழுதுவது அரைகுறை வாசிப்பு.

188 கெல்வினை ஒட்டி மின்தடையில் ஒரு முறிவு தெரியும். அதற்குக் கீழே எலெக்ட்ரான்கள் ஒழுங்கில் அமர்ந்துவிடுகின்றன. மாஸ்பவர் கோடுகள் பிரிவதும் இந்த ஒழுங்கமைவும் ஒரே வெப்பநிலையில் நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முதலாவது கருவியின் ஷட்டரைப் பொறுத்தது, இரண்டாவது படிகத்தின் சொந்தக் காரியம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் விளக்கங்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

இரண்டு ஒப்பீடுகள் உதவும். யூரோப்பியத்தின் 3:4 ஆக்சைடில் 2+ அயனிக்கும் 3+ அயனிக்கும் தனித்தனிப் படிக இடங்கள். தாவல் கிடையாது, இரண்டு கோடும் இரண்டாகவே நிற்கும். மறுமுனையில் யூரோப்பியம்-காப்பர்-சிலிக்கான் 1:2:2 போன்ற உலோகங்களில் 4எஃப் எலெக்ட்ரானே கடத்தும் பட்டையோடு கலந்துவிடுகிறது. எவ்வளவு குளிர்வித்தாலும் மாஸ்பவரில் ஒரே கோடுதான். வெப்பநிலையோடு அந்தக் கோடு இடம் மட்டும் மாறும். கலப்பு இணைதிறன் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு இயற்பியல் இருக்கிறது.

மாஸ்பவர் பரப்பளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2+ அயனி பெரிது, பிணைப்பு தளர்வு. பின்னுதைப்பில்லாத பங்கு (கோட்டில் கணக்காகும் அணுக்கருக்களின் பங்கு) 3+ அயனியைவிடக் குறைவு. அறை வெப்பநிலைப் பரப்பை அப்படியே விகிதமாக எடுத்தால் 2+ குறைத்துக் கணக்காகும். தாழ்வெப்பத்தில் எடுங்கள், தடித்த மாதிரி வேண்டாம்.

பெரோவ்ஸ்கைட்டுக்கு வருவோம். யூரோப்பியம் டைட்டனேட்டில் யூரோப்பியம் முழுக்க 2+, டைட்டானியம் 4+ ஆக இருக்க வேண்டும். 5.5 கெல்வினில் எதிர் ஃபெர்ரோகாந்தம். அதே வெப்பநிலையில் மின்கடப்பு மாறிலியிலும் ஒரு சரிவு, 1.5 டெஸ்லா புலத்தில் மாறிலி சுமார் 7 சதவீதம் மாறுவதை 2001-ல் கட்சுஃபூஜியும் தகாகியும் காட்டினார்கள். டிஸ்புரோசியம் ஸ்காண்டேட் மேல் மென்படலமாக வளர்த்து 1 சதவீதம் போல இழுத்தால் ஃபெர்ரோகாந்தமும் ஃபெர்ரோமின்தன்மையும் ஒன்றாக வரும். அது 2010-ல் நேச்சர் இதழில் வந்தது. இந்தப் பண்புகள் எல்லாமே 3+ மாசும் ஆக்சிஜன் குறைபாடும் இல்லாத மாதிரியில்தான் ஒழுங்காகத் தெரியும்.

யூரோப்பியம் ஆக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டையாக்சைடையும் இழுக்கும். பாட்டிலைத் திறந்து அப்படியே எடை போட்டால் யூரோப்பியம் குறைந்த கலவைதான் கிடைக்கும். 950 °செ-ல் இரவு முழுக்கச் சுட்டு, 200 °செ இருக்கும்போதே டெசிகேட்டருக்கு மாற்றி, ஆறியவுடன் எடை போடுங்கள். 5 கிராம் டைட்டனேட்டுக்கு 3.550 கிராம் யூரோப்பியம் ஆக்சைடும் 1.611 கிராம் டைட்டானியம் டையாக்சைடும். எத்தனாலில் அரைமணி நேரம் அரைத்து, உலர்த்தி, பெல்லட் அழுத்தி, ஹைட்ரஜன் ஓட்டத்தில் 1000–1100 °செ, 24 மணி நேரம். உடைத்து அரைத்து மீண்டும் ஒரு முறை. தொடக்க எடை 5.161 கிராம், முடிவில் 0.161 கிராம் குறைந்திருக்க வேண்டும். தராசே முதல் சோதனைக் கருவி.

5 சதவீத ஹைட்ரஜன் கலந்த ஆர்கானில் செய்யலாமா என்று பலரும் கேட்பார்கள். முடியும், ஆனால் பொறுமை வேண்டும். இங்கே ஒடுக்கும் திறனை நிர்ணயிப்பது ஹைட்ரஜனுக்கும் நீராவிக்கும் உள்ள விகிதம். ஹைட்ரஜன் 20 மடங்கு குறைந்தால், அதே விகிதத்துக்கு நீராவியும் 20 மடங்கு குறைந்தாக வேண்டும். வாயு ஈரமாக இருந்தால் நாள்கணக்கில் சுட்டாலும் பைரோகுளோர் (3+ யூரோப்பியம் உள்ள டைட்டனேட்) மிஞ்சும். வாயுப் பாதையில் ஈரம் பிடிக்கும் வடிகுழாயும், மாதிரிக்கு முன்னால் சூடான பகுதியில் ஒரு துண்டு டைட்டானியம் ஸ்பாஞ்சும் வையுங்கள். ஸ்பாஞ்ச் நிறம் மாறியிருந்தால் ஆக்சிஜன் எங்கிருந்தோ கசிகிறது. தூய ஹைட்ரஜன் என்றால் சூடாக்கும் முன் ஆர்கானால் குழாயின் கொள்ளளவைப் போலப் பத்து மடங்காவது ஓட்டி காற்றை வெளியேற்றிவிட வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. குளிரும்போது 100 °செ-க்குக் கீழே வரும்வரை ஹைட்ரஜனை நிறுத்தாதீர்கள். 400 °செ-ல் வாயுவை மூடிவிட்டுப் போனால் பெல்லட்டின் மேல்தோல் முதலில் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். உள்ளே நல்ல மாதிரி, வெளியே கெட்ட தோல்.

ஹைட்ரஜன் வசதி இல்லாதவர்களுக்கு மூடிய வழி ஒன்று உண்டு. இரண்டு யூரோப்பியம் ஆக்சைடு, மூன்று டைட்டானியம் டையாக்சைடு, ஒரு டைட்டானியம் உலோகம். நான்கு டைட்டனேட் வரும். 5 கிராமுக்கு 3.550, 1.209, 0.241 கிராம். ஆக்சிஜன் கணக்கை எடையே பூட்டிவிடுவது இதன் பலம். டைட்டானியம் பொடி மேல் ஏற்கெனவே ஆக்சைடு படிந்திருந்தால் அந்தப் பூட்டே பொய்யாகிவிடும் என்பது பலவீனம். மிக நுண்ணிய பொடியைவிட, புதிதாகத் திறந்த சற்றுப் பரும்பொடியே மேல்.

நல்ல மாதிரி கறுப்பு. எக்ஸ்ஆர்டியில் பெரிய சிகரம் 32.4 பாகையில். 30.3 பாகையில் ஒரு சிகரம் தலைகாட்டினால் அது யூரோப்பியம் 3+ கொண்ட பைரோகுளோர். 282 கெல்வினை ஒட்டி கனசதுரம் நாற்கோணமாகத் திரியும். ஏசி போட்ட அறையில் பிரச்சினை இல்லை, குளிர்வித்து அளப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே டிஜிஏ அருமையாக வேலை செய்யும். காற்றில் 1000 °செ வரை சூடாக்கினால் டைட்டனேட் முழுக்க பைரோகுளோராக மாறும், எடை 3.23 சதவீதம் ஏற வேண்டும். யூரோப்பியத்தில் பத்தில் ஒன்று முன்பே 3+ ஆகியிருந்தால் 2.9 சதவீதம்தான் ஏறும். 20 மில்லிகிராம் மாதிரியில் மொத்த ஏற்றமே 0.65 மில்லிகிராம். மிதப்பு விசையால் காலி குடுவையே 0.02 மில்லிகிராம் ஆடும். அதை ஒருமுறை தனியாக ஓட்டிக் கழிக்காவிட்டால் உங்கள் விடையில் 3 சதவீதம் பறிபோகும். 50 மில்லிகிராம் போடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: டிஜிஏ அளப்பது ஆக்சிஜன் ஏற்கும் மொத்தத் திறனை. ஆக்சிஜன் குறைபாட்டால் டைட்டானியம் 3+ இருந்தால் அதுவும் சேர்ந்து ஏறும். யூரோப்பியம் 3+ கொஞ்சமும் டைட்டானியம் 3+ கொஞ்சமும் இருக்கும் மாதிரி 3.23 சதவீதம் காட்டி நல்லபிள்ளை போல உட்கார்ந்திருக்கும். மின்தடையை அளந்தால்தான் குட்டு உடையும்: டைட்டானியம் 3+ வந்தால் கடத்தல் ஏறிவிடும்.

காந்த முறையை எப்போது நம்பலாம்? சிறுபான்மை எது என்பதைப் பொறுத்தது. 3+ பொருளில் சிறிதளவு 2+ தேட காந்தத்தைவிட நல்ல கருவி கிடையாது. இடைவினைகளை விட்டுவிட்டால், 10 கெல்வினில் ஒரு மோல் 2+ 0.79 இஎம்யு தரும், 3+ 0.006. நூற்றில் ஒன்று 2+ இருந்தாலே மீதி 99-ஐயும் மிஞ்சிவிடும். தலைகீழாக, 2+ பொருளில் 2 சதவீதம் 3+ தேடப் போனால் கியூரி மாறிலி (காந்த ஏற்புத்திறனை வெப்பநிலையால் பெருக்கிய எண்) 2 சதவீதம் குறைவதைப் பார்க்க வேண்டும். மாதிரியின் எடைப்பிழையும், காப்ஸ்யூலின் பின்னணியும், மாதிரி மையம் விலகுவதும் சேர்ந்தால் அதே 2 சதவீதம். டைட்டனேட்டின் கியூரி மாறிலி 7.8 வந்ததா 7.7 வந்ததா என்று 3+ அளவை எழுதுபவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

2+ பொருளில் 3+ தேடும் அந்தத் திசைக்கு எக்ஸ்-கதிர் உட்கவர்தல்தான் சரி. எல்-3 விளிம்பில் (எல் கூட்டின் உள் எலெக்ட்ரானைக் கிளப்பும் ஆற்றலில்) 2+ சிகரம் 6975 எலெக்ட்ரான் வோல்ட் பக்கம், 3+ அதற்கு 8 எலெக்ட்ரான் வோல்ட் மேலே, தெளிவாகப் பிரியும். இந்தூர் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் இதற்கான கற்றைத் தடங்கள் உள்ளன. ஊடுருவல் முறையில் 13 மிமீ பெல்லட்டுக்குச் சுமார் 8 மில்லிகிராம் டைட்டனேட்டை போரான் நைட்ரைடில் கலந்தால் போதும். கட்டியான மாதிரியை ஒளிர்வு முறையில் எடுத்தால் தன்-உட்கவர்தல் (மாதிரி கதிரைத் தானே விழுங்குவது) பெரிய சிகரத்தை நசுக்கி, சிறிய சிகரத்தை ஊதிக் காட்டும். 3+ 3 சதவீதம் இருந்தால் 6 சதவீதமாகக்கூடத் தெரியலாம். எக்ஸ்பிஎஸ்ஸில் 3டி கோடுகள் 2+ அயனிக்கு 1125, 3+ அயனிக்கு 1135 எலெக்ட்ரான் வோல்ட் அருகே. காற்றில் பத்து நிமிடம் கிடந்த மேற்பரப்பில் 3+ இருப்பது அதிசயமில்லை. கூடவே, தூய 3+ சேர்மங்களே 1125 அருகில் ஒரு துணைச் சிகரம் காட்டும். அதை 2+ என்று எழுதிவிடக் கூடாது.

நியூட்ரான் விளிம்பு வளைவுக்கு அனுப்ப நினைத்தால் ஐசோடோப்பைப் பாருங்கள். யூரோப்பியம்-151 வெப்ப நியூட்ரானை 9000 பார்னுக்கு (விழுங்கும் வாய்ப்பின் அலகு) மேல் விழுங்கும். 153 சுமார் 300 பார்ன்தான். இயற்கைக் கலவையில் 151 கிட்டத்தட்ட பாதி. ஆனால் மாஸ்பவருக்கு வேண்டியது அதே 151. ஒரே மாதிரியில் இரண்டும் சிறப்பாக நடக்காது.

அயோடைடு பெரோவ்ஸ்கைட் வேறு உலகம். சூரிய மின்கலம் வயதாகும்போது ஈயம் உலோகமாகவும் அயோடைடு அயோடினாகவும் சிதைகிறது. 2019-ல் சயின்ஸ் இதழில் வந்த சீன ஆய்வு, யூரோப்பியம் அசிட்டைல்அசிட்டோனேட்டை ஈயத்தோடு ஒப்பிட 0.15 சதவீதம் சேர்த்தது. 3+ ஈய உலோகத்தை ஆக்சிஜனேற்றி 2+ ஆகிறது. அந்த 2+ அயோடினை ஒடுக்கி மறுபடி 3+ ஆகிறது. செலவாகாமல் சுற்றி வருகிறது. 1500 மணி நேர ஒளியில் தொடக்கத் திறனில் 92 சதவீதம் நின்றது. நீரின் மின்னழுத்தங்களை வைத்துப் பார்த்தால் முதல் படி ஏற்றப் பாதை: ஈயத்துக்கு −0.13, யூரோப்பியத்துக்கு −0.35 வோல்ட். அயோடைடுகள் சூழ்ந்த திண்மத்துக்கு நீரின் எண் பொருந்தாது. இருந்தாலும் அட்டவணையைப் பார்த்துக் கூட்டாளி அயனியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதை நினைவில் கொள்ளட்டும்.

செய்முறையில் சிக்கல் எடை போடுவதில். 1.3 மோலார் ஈய அயோடைடு கரைசல் 1 மில்லிலிட்டருக்கு வேண்டிய யூரோப்பியம் அசிட்டைல்அசிட்டோனேட் 1.95 மைக்ரோமோல், அதாவது 0.88 மில்லிகிராம். அதை நேரடியாகத் தராசில் வைக்காதீர்கள். 22.5 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் டிஎம்எஃப் கரைப்பானில் கரைத்து 50 மில்லிமோலார் இருப்புக் கரைசல் செய்து, அதிலிருந்து 39 மைக்ரோலிட்டர் எடுங்கள். கடையில் வருவது நீரேற்று என்றால் நீரின் எடையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த அளவில் படலத்தின் அணுக்களில், ஹைட்ரஜனை விட்டுவிட்டால், யூரோப்பியம் 0.025 சதவீதம்தான், எக்ஸ்பிஎஸ்ஸின் எல்லைக்குக் கீழே. அங்கே 2+/3+ விகிதம் என்று யாராவது படம் காட்டினால் எவ்வளவு கூடுதலாகச் சேர்த்த மாதிரி அது என்று கேளுங்கள்.

போட்ட யூரோப்பியம் படிகத்துக்குள் போனதா என்பதும் தனிக் கேள்வி. ஈயம் 2+ 1.19 ஆங்ஸ்ட்ராம். 1.17 உள்ள யூரோப்பியம் 2+ அந்த இடத்தில் வசதியாக உட்காரும்; 0.947 உள்ள 3+ உட்காராது, துகள் எல்லைக்கும் மேற்பரப்புக்கும் ஒதுங்கும். ஒளிர்வு இதில் கைகொடுக்கும். 3+ அயனியின் சிவப்பு, 590-லும் 612 நானோமீட்டரிலும் ஒல்லிக் கோடுகள், ஆயுள் மில்லிவினாடி அளவு. 2+ அகன்ற பட்டை, மைக்ரோவினாடியில் அணைந்துவிடும். துடிப்பு விளக்கு வைத்து 100 மைக்ரோவினாடி தாமதித்து அளந்தால் 3+ மட்டும் மிஞ்சும். குளோரைடு பெரோவ்ஸ்கைட்டின் பட்டை இடைவெளி சுமார் 3 எலெக்ட்ரான் வோல்ட் என்பதால் அது 3+ அயனிக்கு ஆற்றலைக் கைமாற்ற முடியும். ஈய அயோடைடு பெரோவ்ஸ்கைட்டின் இடைவெளி 1.6 எலெக்ட்ரான் வோல்ட்தான். 3+ ஒளிரும் மட்டமோ 2.1-ல் இருக்கிறது. ஆகவே அயோடைடு படலத்தில் 612 நானோமீட்டர் கோடு பளிச்சென்று தெரிந்தால், அந்த யூரோப்பியம் பெரும்பாலும் பெரோவ்ஸ்கைட்டுக்கு வெளியே, வினைபுரியாத அசிட்டைல்அசிட்டோனேட்டாகவோ வேறொரு கட்டமாகவோ கிடக்கிறது.